புகையிலைக்குள் அடைகாக்கும் கருங்கோழி

குற்றாலம், மாசி மாதம்.

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபிக்காதே. இரவுப் பள்ளியில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. மகள் வாசிக்கும்போது சிரித்தால் சிரிக்கட்டும். நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நீ கொடுத்துவிட்ட இரண்டு கோழிகளுக்கும் நான் வேலை பார்க்கும் பங்களாவின் பின்புறம் கம்பிவலைக் கூடு கட்டினேன். பக்கத்திலேயே உன் வெற்றிலைக்கென்று புகையிலை போட்டேன். இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. போன வாரம் மரநாய் வலையைப் பிரித்து வெள்ளைக்கோழியைத் தூக்கிவிட்டது. பயப்படாதே, கருங்கோழி இருக்கிறது. கூட்டில் அடையாமல் போக்குக் காட்டிய அது, புகையிலைக்குள் அடைகாக்கிறது! அடைத்து வைத்தது போய்விட்டது, வெளியே கிடந்தது பிழைத்துவிட்டது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

சமையல்காரர் பேச்சிமுத்துவைக் கேட்டேன். "மரநாய்க்குப் பொயிலை வாடை ஆகாதுவே. நீரும் அங்கனயே பாயைப் போடும், உம்மையும் தூக்காது" என்று சிரிக்கிறார்.

இப்போது இலை முற்றிவிட்டது. ஒடித்தால் கோழி வெட்டவெளியில் தெரியும். ஒடிக்காவிட்டால் இலை வீணாகும். வலையைச் சரிசெய்து கூட்டுக்கு மாற்றலாமென்றால் கொத்த வருகிறது. என் குரலுக்கு இரை தின்னக்கூட எழுந்து வருவதில்லை.

நீ அந்தியில் அதை எப்படிக் கூப்பிடுவாய்? அந்தச் சத்தத்தை அப்படியே மகளை எழுதச் சொல். எனக்குத்தான் இப்போது வாசிக்கத் தெரியுமே. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். அதற்குள் உன் சத்தம் வந்து சேரட்டும்.

அய்யாக்குட்டி