நடந்து காட்டினேன்

18.6.2024, செவ்வாய்

காலை இறைவணக்கத்தின்போது கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளின் வரிசையைச் சரிபார்ப்பதுபோல் ஒரு பாவனை. எட்டாம் வகுப்புக்கு மைதான நேரம் வந்தது. வெயில் அதிகம் என்று சொல்லி, வகுப்பறையிலேயே கோ-கோ விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வெளியே வானம் மூடியிருந்தது. ஒரு பெண் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

பி.டி. டீச்சராம்.

23.6.2024, ஞாயிறு

நின்றுகொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கண் இருட்டிவிடுகிறது. அதனால் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. யாராவது வந்தால் எடுத்து மறைத்துவிடுவேன். இன்று நாத்தனார் திடீரென்று வந்ததில் மறந்துபோனேன்.

"யாருக்கு அண்ணி இது?"

"துணி துவைக்க."

மாவட்ட அளவில் எண்ணூறு மீட்டர் ஓடிய கலைமணி உட்கார்ந்து குளிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியதிலிருந்து இப்படித்தான். நுரையீரல் சரி, இதயம் சரி, ரத்தம் சரி. "எல்லாம் நல்லா இருக்குதுங்க, மனசுதான் காரணம்" என்றார் ஒரு டாக்டர். அன்றிலிருந்து நானும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. பிரபாகருக்கு மட்டும் தெரியும். கட்டிக்கொண்டவரிடம் எதை மறைக்க முடியும்.

4.7.2024, வியாழன்

டாக்டர் லூர்துமேரி என்று ஒருவர் போன் செய்தார். மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்கிறாராம். 2021இல் கொரோனா வார்டில் இருந்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். களைப்பு, படபடப்பு, மறதி, ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"உங்களுக்கு இருக்கறது கற்பனை இல்லீங்க மேடம். உங்கள மாதிரி நெறைய பேர பாக்கறோம்."

போனை வைத்துவிட்டு அழுதேன்.

அவர் அனுப்பிய கட்டுரையைப் போனிலேயே தமிழாக்கிப் படித்தேன். உடம்பை வருத்திய அன்று ஒன்றும் தெரியாதாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் ஆளைச் சாய்க்குமாம். முடியும் என்று தோன்றும்போதே உட்கார்ந்துவிட வேண்டுமாம். முடியவில்லை என்று தோன்றிய பிறகுதான் ஓட்டமே ஆரம்பிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

11.7.2024, வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடைப் பரிசோதனை. நீளமான வராந்தாவின் இரு முனையிலும் நாற்காலி. ஆறு நிமிடம் போய்வந்து நடக்க வேண்டும். "எவ்ளோ தூரம்கறது முக்கியமில்ல. முடியலன்னா உக்காந்துடுங்க, அதுவும் எங்களுக்குத் தகவல்தான்" என்று டாக்டர் எல்லோருக்கும் சொன்னார்.

செல்லி வந்திருந்தாள். வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கை. மூக்கில் குழாயோடு எட்டி எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள். அதற்குப் பிறகு அவள் காலனிப் பக்கம் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் சென்னப்பன் கூட வந்திருந்தார்.

அவள் இரண்டாவது திருப்பத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ இப்பிடித்தாங்க" என்று சென்னப்பன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "வூட்லயும் இப்பிடியேதான். எந்நேரமும் படுக்கை."

அடுத்து நான். மாத்திரைக்கு நின்ற வரிசையில் என் மாணவிகளின் அம்மாக்கள் நாலைந்து பேர். கால் தானாக வேகம் எடுத்தது. "மெதுவா போங்க மேடம்" என்றார் டாக்டர். கேட்கவில்லை. கையை வீசி, தலையை நிமிர்த்தி, கடைசிவரை நடந்தேன். ஒருத்தி "நம்ம டீச்சரு" என்றது காதில் விழுந்தது.

"டீச்சரும் அதே வார்டுலதான கெடந்தாங்க, எப்பிடி நடக்கறாங்க பாரு" என்றார் சென்னப்பன் மனைவியிடம். என்னைப் பார்த்து, "எப்பிடிங்க டீச்சர்?"

மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு சொன்னேன். "பழக்கந்தாங்க. மனசு வெச்சா முடியும்."

செல்லி தரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

12.7.2024, வெள்ளி

உடம்பு லேசாக இருக்கிறது. ஒருவேளை சரியாகிவிட்டதோ?

13.7.2024, சனி

எழ முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. கை பேனாவைப் பிடிக்க மறுக்கிறது.

சொல்லியிருந்தபடியே டாக்டர் போன் செய்தார். "ரெண்டு நாள் ஆச்சு, எப்படி இருக்கீங்க மேடம்?" படுத்தபடியே குரலைத் திடமாக்கிக்கொண்டு "நல்லா இருக்கேன்" என்றேன்.

பிரபாகர் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

18.7.2024, வியாழன்

தலைமையாசிரியர் ராஜாமணி சாருக்கு வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறேன். இன்று சுவரைப் பிடித்து அடுப்படிவரை போய் வந்தேன்.

பிரபாகர் இன்றுதான் கேட்டார். "டாக்டருகிட்ட ஏன் அப்பிடிச் சொன்ன?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உன்ன நம்பறவங்க ஒருத்தங்கதான் கெடச்சாங்க. அவங்களையும் ஏமாத்திட்டியே."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

22.7.2024, திங்கள்

பள்ளிக்கூடம் போய்வந்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

பிரபாகரின் உரக்கடைக்கு வராத சேதி இல்லை. மஞ்சள் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த செல்லி மயங்கி விழுந்துவிட்டாளாம். வரப்புக் கல்லில் நெற்றி பட்டுப் பிளந்து தையல் போட்டிருக்கிறார்களாம். தருமபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம்.

"ஒரு வாரமா புருஷன்தான் வம்பு பண்ணி இழுத்துட்டுப் போயிருக்கறான். மனசு வெச்சா முடியும்னு டீச்சரே சொன்னாங்கன்னானாம். எந்த டீச்சரோ" என்றார் பிரபாகர்.

தட்டில் சோறு இருந்தது. குனிந்து பிசைந்துகொண்டே இருந்தேன்.

23.7.2024, செவ்வாய்

எந்த டீச்சரோ. நான்தாங்க அந்த டீச்சர்னு சொல்ல ஏன் வாய் வரல எனக்கு? அவ நெத்தியப் பொளந்துட்டு வந்து மொகஞ்சுளிக்காம சோறு திங்கறேன்.

26.7.2024, வெள்ளி

சொல்லிவிட்டேன். பிரபாகர் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். பிறகு, "செல்லி வூட்டுக்கு வந்துட்டாளாம். ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

28.7.2024, ஞாயிறு

செல்லி பாயில் படுத்திருந்தாள். நெற்றியில் பெரிய கட்டு. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். உட்காரக் கூசியது, ஆனாலும் நிற்க முடியாது, உட்கார்ந்தேன்.

சென்னப்பனிடம் சொன்னேன். அன்று நடந்ததற்கு ஐந்து நாள் எழாமல் கிடந்ததை. மனசு வைத்தால் முடியும் என்றது பொய் என்பதை. செல்லிக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே நோய், சோம்பல் இல்லை என்பதை.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க டீச்சர். இப்ப வூட்டுக்குள்ள வந்து சொல்றீங்க" என்றார்.

ஆமாங்க என்றேன்.

செல்லி கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "நீங்க படுத்தா பாக்க ஆளு இருக்குது. லீவு இருக்குது. நான் படுத்தா வேலக்கள்ளிங்கறாங்க. எனக்கும் முடியல செல்லின்னு அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குப் போதுமுங்க."

மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டுபோயிருந்தேன். சொல்லவில்லை. அதைச் சொன்னால் பதிலுக்கு அவள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தையும் அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கிளம்பும்போது முதல் முயற்சியில் எழ முடியவில்லை. பிரபாகர் கை கொடுத்தார். சென்னப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

29.7.2024, திங்கள்

டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"திருத்திப் பதிஞ்சுக்கறேன் மேடம். ஆனா ஒன்னு நெனச்சா பயமா இருக்குது. இந்த மாதிரி இன்னும் எத்தன பேரு நல்லா இருக்கேன்னு சொன்னாங்களோ."

திட்டியிருக்கலாம்.

சுதந்திர தினக் கிராம சபைக்கு வந்து இந்த நோயைப் பற்றிப் பேசப்போகிறாராம். நானும் பேசுகிறேன் என்று என் வாயே சொல்லிவிட்டது.

7.8.2024, புதன்

ராஜாமணி சாரிடம் குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளி அணியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். "பாத்தா தெரியலையேம்மா" என்றார். தெரியக்கூடாது என்றுதானே மூன்று வருஷமாகப் பாடுபட்டேன்.

15.8.2024, வியாழன்

படுத்தபடி எழுதுகிறேன். இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

டாக்டர் பேசி முடித்ததும் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். எழுந்து நின்றேன்.  "என்னால நின்னு பேச முடியாதுங்க" என்று சொல்லி, பஞ்சாயத்து ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

முக்காலியைச் சொன்னேன். கொடிக்கம்பத்தைச் சொன்னேன். பரிசோதனை அன்று வீம்புக்கு நடந்ததை, டாக்டரிடமே பொய் சொன்னதைச் சொன்னேன். "முடியாம உக்காந்திருந்த ஒருத்தங்க முன்னாடி மனசு வெச்சா முடியும்னு சொன்னேன். அது பொய்ங்க. நான் சொன்ன பொய்யில அவங்களுக்கு அடிபட்டுடுச்சு." செல்லியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"ஓடச் சொல்லிக்குடுக்கற டீச்சருக்கே இப்பிடியா?" என்றார் ஒரு பெரியவர்.

"எனக்கேதாங்க."

கூட்டத்தில் என் மாணவிகளும் இருந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காது சுடுகிறது. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. ஊரே பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னப்பன் கடைசியில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முடியும் முன்பே போய்விட்டார்.

25.8.2024, ஞாயிறு

பிரபாகரோடு வண்டியில் வரும்போது காலனிக் குழாயடியில் சென்னப்பனைப் பார்த்தேன். பெண்கள் வரிசைக்கு நடுவில் இரண்டு குடங்களோடு தனி ஆளாக நின்றார். யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

14.9.2024, சனி

செல்லி வந்தாள். டாக்டர் லூர்துமேரி அடுத்த வாரம் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார், ஒரே ஆட்டோவில் போகலாமா என்று கேட்க வந்தாளாம். நான் கட்டிலில் படுத்திருந்தேன். நல்ல பகல் நேரம். எழப் பார்த்தேன்.

"படுங்க டீச்சர். பஸ்ஸ்டாப்புல இருந்து நடந்ததுல எனக்கே மூச்சு வாங்குது. செத்த நேரம் படுத்துட்டுத்தான் போவணும்."

"இங்கயே படு" என்று கட்டிலில் தள்ளி இடம் விட்டேன். வேண்டாம் என்று கீழே பாயை விரித்துக்கொண்டாள். மேலே நான், கீழே அவள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அவள் பக்கத்தில் படுத்தேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

தலையணையைப் பாதி அவள் பக்கம் நகர்த்தினேன்.  வாசலில் யாரோ வந்து என்னைத் தேடினார்கள். "ரெண்டு பேரும் படுத்திருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று பிரபாகர் சொல்வது கேட்டது.