வெள்ளி ஷூ

மார் தெல் பிளாதா
12 ஏப்ரல் 1994

அன்புள்ள ஒதிலியா,

நலம். கால் மட்டும்தான் நலமில்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். டாக்டர் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு, "பாருங்க சென்யோரா, எலும்புப் புடைப்பு போயே போச்சு" என்றார். புடைப்பு போனது உண்மை. கூடவே பெருவிரலும் போனது போல இருக்கிறது. தன் பாட்டுக்கு விறைத்துக்கொண்டு நிற்கிறது.

தாரியோ எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருக்கிறான். பழுப்பு நிறம், ஒட்டும் பட்டை, ரொட்டி வார்க்கும் தகர அச்சு மாதிரி உருவம். "அம்மா, போட்டுப் பாரு, மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கும்" என்கிறான். பெற்ற மகன் வாங்கித் தந்ததைத் தூக்கி எறிய முடியுமா? போட்டுக்கொண்டு அவன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன். யாராவது வந்தால் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.

என் பை நாற்காலியில் தொங்குகிறதா? அதை முதலில் எழுது. நம் நடன கிளப்பில் இடம் ஒதுக்குகிற இலாரியோ கண்ணில் காலி நாற்காலி பட்டால் போதும், அடுத்த சனிக்கிழமையே வேறு எவளாவது அதில் உட்கார்ந்திருப்பாள். ஷூப் பை தொங்குகிற நாற்காலியை மட்டும் அவன் தொடமாட்டான்.

இன்னொன்று. என் பீரோவில் மேல்தட்டில், வலது ஓரத்தில், உயரக் குதி வைத்த என் வெள்ளி ஷூ இருக்கிறது. பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பு. மற்றவை இருக்கட்டும்.

உன் அண்ணி,
பெர்த்தா

*

புவெனோஸ் அயர்ஸ்
21 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரொட்டி அச்சு என்ற இடத்தில் சிரித்துவிட்டு, பாவம் தாரியோ என்றும் நினைத்துக்கொண்டேன்.

பை தொங்குகிறது. போன சனிக்கிழமை லானூஸிலிருந்து வந்த ஒருத்தி, பச்சைக் கவுன், நேராக வந்து உங்கள் நாற்காலியை இழுத்தாள். "ஆள் இருக்கு" என்றேன். "எங்கே?" என்றாள். "ஷூ வந்திருக்கு, ஆள் பின்னால வர்றாங்க" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இலாரியோ தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

தாரியோ போன் செய்தான். ஆகஸ்டிலிருந்து உங்கள் வீட்டை வாடகைக்கு விடப் போகிறானாம், ஆள் பார்த்துவிட்டானாம். "அத்தை, அந்த ஷூவையெல்லாம் கொஞ்சம் காலி பண்ணிடுங்க, அது அங்க இருக்கிற வரைக்கும் அம்மா இங்க நிம்மதியா இருக்க மாட்டாங்க" என்றான். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டேன். வாய்ப்பேச்சில் ஆரம்பித்தால் நீங்கள் அவனைக் கடித்துக் குதறுவீர்கள், கொஞ்சம் ஆறப்போட்டுப் பேசுங்கள்.

வெள்ளி ஷூவை இப்போது அனுப்பவில்லை. கால் ஆறட்டும் அண்ணி. அதைப் பார்த்தால் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள்.

உங்கள்,
ஒதிலியா

*

மார் தெல் பிளாதா
3 மே 1994

ஒதிலியா,

ஆறப்போடவில்லை. கடிதத்தைப் படித்த கையோடு சமையலறைக்குப் போனேன். "என் வீட்டை வாடகைக்கு விடப் போறியாமே, என்னையும் சேர்த்தா?" என்று கேட்டேன். தாரியோ சிவந்துபோனான். "அம்மா, நீ மாடிப்படியில உருண்டு கிடந்தா யாரு பாக்கிறது? அத்தைக்கே எழுபது ஆச்சு" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. அழுகிற பிள்ளையோடு எப்படிச் சண்டை போடுவது?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஜூலை ஒன்பதாம் தேதி, சுதந்திர நாளன்று, கிளப்பில் நடனம் இருக்கிறதல்லவா, சனிக்கிழமை வேறு. அதற்குள் நான் என் காலால் நடந்து போய் என் மேசையில் உட்கார்ந்தால் வீடு என்னுடையது. இல்லாவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்க்க வேண்டும். அவன் கை கொடுத்தான், நானும் கொடுத்தேன்.

ஆகவே வெள்ளி ஷூவை அனுப்பு. பழக்க வேண்டும்.

குட்டைக் குதியில் வரலாமே என்று நீ நினைப்பது எனக்குக் கேட்கிறது. தெல்ஃபினாவை மறந்துவிட்டாயா? முட்டிவலி என்று தட்டை ஷூவில் வந்தாளே, ஆட வரச்சொல்லி ஒரு ஆண்பிள்ளை அவள் பக்கம் தலையசைத்தானா? ஐந்து சனிக்கிழமை விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், ஆறாவது வாரம் வரவில்லை. நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லாதே.

உன் அண்ணன் அமதேயோ என்னோடு கடைசியாக ஆடியது அந்த வெள்ளி ஷூவில். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. உனக்குத் தெரியாததா?

பெர்த்தா

*

புவெனோஸ் அயர்ஸ்
23 மே 1994

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ஒரு காரியம் செய்தேன். தேவாலயப் பூசைக்குப் போடும் என் கறுப்புக் குட்டைக் குதி ஷூவைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனேன். வழக்கம்போல மேசைத் துணிக்கு அடியில் மாற்றிக்கொண்டேன். உங்களிடம் மறைப்பது எதற்கு, உங்களுக்காகத்தான் செய்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்க.

முதல் சனிக்கிழமை ஒருவரும் தலையசைக்கவில்லை. எதிர் வரிசையில் வக்காரோ என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு ஏதோ மறந்தவர் மாதிரி கூரையைப் பார்த்தார். இருபது வருடமாக என்னோடு ஆடுகிற மனிதர்! வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே ஷூ. பிடிவாதம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கடைசிச் சுற்றில் வக்காரோ தலையசைத்தார். ஆடி முடித்ததும், "இன்னைக்கு நீங்க என் மேல சாயவே இல்ல ஒதிலியா, என் முதுகு உங்களுக்கு நன்றி சொல்லுது" என்றார். நேற்று முன்தினம் அவரும் இன்னொருவரும் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். பொய் சொல்லமாட்டேன், முன்பு போல இல்லை.

இலாரியோ கடைசியில் வாயைத் திறந்துவிட்டார். ஒன்பதாம் தேதி நீங்கள் வராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்.

வெள்ளி ஷூவை அனுப்பமாட்டேன். அதற்குப் பதில், ஒரு காகிதத்தின் மேல் நின்று இரண்டு காலையும் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். மன்கூசோவிடம் காட்டுகிறேன். அவர் நமக்கு எத்தனை ஷூ தைத்திருக்கிறார்!

ஒதிலியா

*

மார் தெல் பிளாதா
28 மே 1994

ஒதிலியா,

நீ அனுப்பாவிட்டால் கடையே இல்லையா என்று நேற்று தெருவில் இறங்கினேன். சான் மார்த்தின் தெருவில் நல்ல கடை. கண்ணாடிக்குள் சிவப்பு ஜோடி ஒன்று, கணுக்காலில் வார், நம்முடைய உயரம். கடைப் பெண் மண்டியிட்டு என் காலைப் பிடித்தாள். முன்பாதி நுழைந்தது. எழுந்து நின்றேன். குதி உயர்ந்தால் விரல் மடங்கவேண்டும் அல்லவா? மடங்கவில்லை. கண்ணாடி அலமாரியைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். "அம்மாவுக்குப் பின்பக்கம் வசதியான மாடல்லாம் இருக்கு" என்றாள் அந்தப் பெண், நல்லவிதமாகத்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எல்லாம் ரொட்டி அச்சு.

டாக்டரிடம் கேட்டேன். விரல் மூட்டை ஆணி வைத்து ஒட்டிவிட்டார்களாம், இனி ஆயுசுக்கும் மடங்காதாம். "ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேனே சென்யோரா" என்கிறார். சொல்லியிருப்பார். வலி போகும் என்ற வார்த்தைக்குப் பிறகு நான் எதையும் காதில் வாங்கவில்லை.

நீ கேட்ட கால் இதோ, காகிதத்தில். நன்றாகப் பார்த்துக்கொள். இடது கால் வலதைவிட அகலம், பெருவிரல் மரக்கட்டை. என் பீரோவில் இருக்கும் எந்த ஜோடியிலாவது இது நுழையுமா? அவற்றையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடு. பையை எடுத்துவிடு. தாரியோ ஜெயித்துவிட்டான்.

வெள்ளி ஷூவை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. அதை எனக்கு அனுப்பு. உயிரோடு போட முடியாவிட்டாலும் சவப்பெட்டியில் வைக்கும்போது போட்டுவிடச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே விரல் மடங்கத் தேவையில்லை.

பெர்த்தா

*

புவெனோஸ் அயர்ஸ்
6 ஜூன் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் காகிதமும் வந்தன. உங்கள் காலை நான் இதற்கு முன் இப்படிப் பார்த்ததே இல்லை. மேசைத் துணிக்கு அடியில் எத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பையை எடுக்கவில்லை. இன்னும் தேதி இருக்கிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்.

ஒதிலியா

*

மார் தெல் பிளாதா
17 ஜூன் 1994

ஒதிலியா,

பொறுத்தது போதும். நம் கட்டடக் காவல்காரி சுலேமா போன் செய்தாள். "உங்க நாத்தனார் சாவி போட்டுத் திறந்து உள்ள போனாங்க, ஒரு பொட்டலத்தோட வெளிய வந்தாங்க, என்னைப் பாத்ததும் கோட்டுக்குள்ள மறைச்சு வெச்சுக்கிட்டாங்க" என்றாள். வெள்ளி நிறம் கண்ணில் பட்டதாம்.

எனக்கு அனுப்ப மாட்டேன் என்றவள் எங்கே கொண்டு போனாய்? உன் காலும் என் காலும் ஒரே அளவு. கல்யாணமான புதிதிலிருந்தே என் ஷூவின் மேல் உனக்குக் கண். இப்போது நானும் இல்லை, வக்காரோ எதிரில், மேசை முழுக்க உன்னுடையது. தாரியோ வேறு உன்னிடம் தினமும் பேசுகிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கடலோரத்தில் உட்காரவைத்துவிட்டீர்கள்.

அந்த ஷூ இந்த மாதம் முடிவதற்குள் என் கைக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் இனி என்னை அண்ணி என்று எழுதாதே. அந்த உறவைக் கொண்டுவந்த மனிதர் போய்விட்டார், அதோடு அதுவும் போகட்டும்.

பெர்த்தா

*

புவெனோஸ் அயர்ஸ்
28 ஜூன் 1994

அண்ணி,

எழுதாதே என்றாலும் எழுதுவேன். வேறு எப்படிக் கூப்பிட எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலைத் திறப்பதற்கு முன் படித்துவிடுங்கள். வெள்ளி ஷூ இனி இல்லை. நான்தான் மன்கூசோவிடம் கொண்டுபோய்ப் பிரித்தேன்.

முதலில் குதியை மட்டும் அறுத்துக் குட்டையாக்கச் சொன்னேன். "அறுத்தா மூக்கு வானத்தப் பாக்கும், ஷூ ஆடும், அவங்களை விழ வெச்சிடும்" என்றார். புதிதாகத் தைக்கலாம் என்றால், அந்த வெள்ளித் தோல் இப்போது கிடைப்பதில்லை. சாம்பலாக ஒன்றைக் காட்டினார். அதைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? "அப்ப இதைத்தான் பிரிக்கணும். பிரிச்சா திரும்பச் சேர்க்க முடியாது. கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டால் நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள். அதனால் கேட்கவில்லை. "பிரிங்க" என்றேன்.

அவர் கத்தி வைத்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது தோல் தனியாக, துண்டு துண்டாகக் கிடந்தது. உள் அட்டையில் உங்கள் விரல்களின் கறுப்புத் தடம். அந்த அட்டையையும் பார்சலில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்தப் பெட்டியில் வைக்க அது போதும்.

உங்கள் காகிதத்தைப் பார்த்துத்தான் தைத்திருக்கிறார். இடது கால் அகலம், வலது கால் வேறு. பெருவிரலுக்கு மேலே இடம் விட்டிருக்கிறது. அடிப்பகுதி கெட்டி, விரல் மடங்காமலே உருண்டு கொடுக்கும். குதி குட்டை, ஆனால் அடியில் அகலம். மேலே இருப்பது முழுக்கப் பழைய வெள்ளி, வாரும் அதே வார். மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் ஷூவின் மேல் எனக்குக் கண் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அமதேயோ உங்களுக்குப் புருஷன் ஆவதற்கு முன் எனக்கு அண்ணன். அவன் கடைசியாக ஆடிய ஷூவை மண்ணுக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த மேசையில் தனியாக உட்காரவும் என்னால் முடியவில்லை. வக்காரோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பகுதிக்குக் கீழே ஒட்டியிருப்பது நடனத்துக்கான மெத்தென்ற தோல், தெருவில் போட்டு நடந்துவிடாதீர்கள்.

ஒதிலியா

*

மார் தெல் பிளாதா
5 ஜூலை 1994

ஒதிலியா,

பார்சல் வந்தது. கடிதத்தைப் படித்தேன். பெட்டியைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உன் மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று தாரியோ வேலைக்குப் போனதும் எடுத்தேன். அந்த மடிப்புக் கோடுகளைத் தடவிப் பார்த்தேன். அழுதேன். பிறகு போட்டுக்கொண்டு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தேன். வலிக்கவில்லை. கடைசியாக எப்போது வலிக்காமல் நடந்தேன் என்று யோசித்தேன், ஞாபகமே வரவில்லை. ரேடியோவைப் போட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான்கு அடி வைத்தேன். திரும்பினால் தாரியோ வாசலில் நிற்கிறான், எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்தவன். ரொம்ப நேரம் என் காலையே பார்த்தான். "அம்மா, எந்த பஸ்ல டிக்கெட் எடுக்கட்டும்?" என்றான். பிறகு, "மாடிப்படியில கைப்பிடி போடாம உன்னை விடமாட்டேன்" என்றான். போடட்டும்.

உன்னை மன்னிக்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். நீ கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். மன்கூசோவிடம் சொல்லிவை, இடது வாருக்கு இன்னும் ஒரு துளை வேண்டும், சாயந்தரமானால் கால் வீங்குகிறது. பை நாற்காலியிலேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். பக்கத்தில் உட்காருவேன்.

உன் அண்ணி,
பெர்த்தா