இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
14-3-76

அன்பு மகன் ரோச்சுக்கு அப்பா எழுதுவது. மாதா காவலில் நானும் அம்மாவும் ஹில்டாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், கொழும்பில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கத் தினமும் செபிக்கிறோம். பாஸ்காத் திருநாளுக்கு வருகிறாய் என்றதும் அம்மா இப்போதே மாசிக் கருவாடு வாங்கி வைத்துவிட்டாள். திருச்சி விமானத்தில் எந்த ஜன்னலில் நல்ல காட்சி தெரியும் என்று கேட்டிருந்தாய். விமானத்தையே தொட்டுப் பார்க்காத மனுஷனிடம் கேட்கிறானே என்று அம்மா சிரித்தாள், சிரிக்கட்டும். உன் கூட்டாளிகள் வலப்பக்கம் என்பது இலங்கைக் கரையைப் பார்க்கத்தான். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும், தோணியில் மணல் திட்டு பார்க்க நிற்பவனும் அப்படித்தான் நிற்பான். உனக்குக் காலை விமானம், வெயில் வலப்பக்கம் இருக்கும். அதனால் நீ இடப்பக்கம், இறக்கை மறைக்காதபடி பின்னால் இடம் பிடி, முதலில் ஏறுகிறவனுக்குத்தான் ஜன்னல் என்று நீயே எழுதியிருக்கிறாய். அரை மணி கழித்து மன்னார் வரும்போது கீழே பார். நீலத்துக்கு நடுவே வெளுத்த பச்சையாக, தேய்ந்த செருப்பு மாதிரி ஒரு மணல் திட்டு கிடக்கும். அறுபத்து நாலு புயலுக்குப் பிறகு முளைத்தது, எந்தக் கடல் வரைபடத்திலும் கிடையாது. என் தோணி உடைந்தது அதில்தான்.

என் தோணிக்கு முதலாளியாக இருந்த கிருபாநிதிக்கும் உங்கள் கடைக்காரர் அதே விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறார் என்று எழுதினாயே, அந்த வரியை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. தோணி போன மறுநாள் துறைமுகத்தில் நூறு பேர் முன்னால், "அங்கன ஏதுலே திட்டு? தண்டல் குடிச்சிட்டுத் தூங்கிட்டான்" என்று சொன்னவர் அவர். ஏழு வருஷமாகத் தோணி ஓட்டும் தண்டல் வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிட்டுச் சுக்கான் கொடுக்கவில்லை, உப்பளத்தில் கூலிக்குப் போகிறேன். போன மாதம் ஹில்டாவைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் குடிகாரத் தண்டல் மகள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிகிறது ரோச். தபசு காலத்தில் பகையை மனசில் வைக்கக் கூடாது என்று சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார், அவர் முதலில் அந்தத் திட்டைப் பார்க்கட்டும் சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகையால் அந்த ஜன்னலில் நீ உட்காராதே. உன்னை அவருக்கு அடையாளம் தெரியாது, அப்போது உனக்கு மீசைகூட முளைக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க ஜன்னலோரம் இருங்க" என்று மரியாதையாக உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் இரு. இடம் வந்ததும் கையைப் பிடித்துக் காட்டு. தலையைத் திருப்பினால் விடாதே, நன்றாகப் பார்க்கட்டும். பிறகு நீ யார் மகன் என்று சொல். அழுதாலும் மன்னிப்புக் கேட்டாலும் நீ ஒன்றும் சொல்லாதே, அதைத் தர உனக்கு உரிமை இல்லை. நூறு பேர் முன்னால் சொன்னதை நூறு பேர் முன்னால் வந்து திரும்ப எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நான் நிற்பேன் என்று மட்டும் சொல்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இதைப் பற்றி அதில் மூச்சு விடாதே.

உன் அப்பா
தண்டல் சிலுவை