இரண்டு முறை மாற்றிய வயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பத்து காவானில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் ஒரு சர்க்யூட் போர்டு செத்துவிட்டதென்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அது சாகவில்லை.

போர்டைக் கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிளை மாட்டினால், போர்டு தன் தொடக்கச் செய்திகளைக் கணினித் திரையில் எழுத வேண்டும். திரை காலியாகவே இருந்தது. போர்டு அனுப்பும் வயர் கணினி பெறும் வயரோடு சேர வேண்டும். அதனால் இரண்டையும் மாற்றித்தான் மாட்டியிருந்தேன். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை, கை தப்பாது.

"போர்டு போச்சுலா அண்ணே. நேத்து நீங்க சோல்டர் பண்றப்ப கருகியிருக்கும்," என்றேன் டெக்னிஷியன் சரவணன் அண்ணனிடம்.

"இல்லம்மா, அந்தக் கேபிள்ல..."

"கேபிள்லாம் ஓகே அண்ணே."

அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

மாலையில், அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கேபிளைப் பிரித்துப் பார்த்தேன். என் வேலை மிச்சமாகட்டும் என்று அவரே உள்ளே வயர்களை மாற்றி வைத்திருக்கிறார். நான் மறுபடி மாற்றியதில் அனுப்பும் வயர் அனுப்பும் வயரோடே சேர்ந்துவிட்டது. நேராக மாட்டியதும் திரையில் எழுத்துகள் கொட்டின.

நாளைய கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுவேன். அதில் தயக்கமில்லை. கடல் பாலம் தாண்டி வீடு வரும்வரை வேறொன்றுதான் உறுத்தியது. கூட்டத்துக்கு முன் அவரிடம் போய், "நேத்து என்னண்ணே சொல்ல வந்தீங்க?" என்று கேட்க வேண்டும். பதில் தெரியும். இருந்தாலும் அவர் சொல்லி முடிக்கட்டும்.