கரையில் ஒரு பச்சைத் திட்டு

மே 18

நகசாகோ ஏரிக்கரையில் காலை முழுவதும் நின்று நிறம் பார்த்தேன். புகைப்படத்தை நம்பிப் பச்சை கலந்தால் ஏமாந்துபோவேன் என்பதால் புல்லைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மொரிஹிகோ அத்தான் கொடுத்த வேலை, இந்த ஏரியைச் சின்ன மாதிரியாகச் செய்வது. ஏரி வெட்டி முந்நூறு ஆண்டு ஆகிறது, ஜூலை நடுவில் விழா. நீர்ச் சங்கத் தலைவர் அவர்தான். ஏரி, மண்கரை, மதகு, கீழே வயல், இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் ஒரு கதவளவு பலகையில் அடங்க வேண்டும். அவரும் என் அக்கா மிட்ஸுயேவும் இருக்கும் வீடு கரைக்குக் கீழே மூன்றாவது.

இத்தனை வருடமும் பொம்மை ரயில் வைத்திருப்பவர்களுக்கு யாரும் பார்க்காத ஆறுகளைச் செய்து கொடுத்தேன். எனக்குத் தெரிந்த தண்ணீரைச் செய்யப்போவது இதுதான் முதல் தடவை.

மறக்காமல் இருக்க: கரையின் வெளிச்சரிவில், மதகுக் குழாய் வெளியே வரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு திட்டு மட்டும் வேறு பச்சை. கோரை முளைத்திருக்கிறது. காய்ந்து கிடக்கவேண்டிய கரைச்சரிவில் கோரையா? எட்டுவைத்து அளந்தேன், சரியாக ஏழு எட்டு அகலம்.

மே 29

மாதிரியில் செயற்கைப் புல் நட்டேன். மின்சாரம் ஏறிய சல்லடையைத் தட்டினால் இழைகள் ஒவ்வொன்றும் பசையில் நிமிர்ந்து நிற்கும். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. சரிவுக்கு நான்கு பச்சை, கோரைக்குத் தூரிகை மயிர். திட்டின் நடுவில் ஈரம் மினுங்க ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தேன். நிஜக் கரையில் அங்கே என் காலணி உள்ளே இறங்கியது நினைவிருக்கிறது.

ஜூன் 4

அத்தான் வந்தார். வீடுகளைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். "நம்ம வீட்டுக் கொடியில துணி கூடக் காயுதே!" என்றார். பிறகு கண் கரைக்குப் போனது.

"இதென்ன, இங்க மட்டும் தலைமுடி வளர்ந்த மாதிரி?"

"அங்க அப்படித்தான் இருக்கு அத்தான். ஈரம் வேற."

"மழை பெஞ்சா ஈரம் இருக்காதா? எடுத்துடு. பாக்க வர்றவங்க நாங்க கரையைக் கவனிக்கறதில்லன்னு நெனப்பாங்க."

"மழை பெஞ்சு பத்து நாள் ஆச்சே."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மதகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துடு, சிஸுரு" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 5

எடுத்துவிட்டேன். சரிவு முழுவதும் ஒரே பச்சை, சவரம் செய்த முகம் மாதிரி.

ஜூன் 13

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மாதிரி ஏரியில் தண்ணீருக்குப் பதிலாக முதல் மூன்று அடுக்கு ரெசின் பிசின் ஊற்றினேன். அடியில் கரும்பச்சை, மேலே போகப்போகத் தெளிவு. குமிழிகளை வெப்பக்காற்றால் போக்கிவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் மட்டம் குறைந்திருந்தது. பலகைக்கு அடியில் தரையெல்லாம் பிசின். மதகுக்காக நான் பதித்த ஊசியளவுக் குழாயின் ஓரமாகவே இறங்கியிருக்கிறது. தொட்டியில் வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை.

துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். நிஜக் கரையிலும் கோரை இருப்பது குழாயின் ஓரத்தில்தானே?

ஜூன் 14

போய்ப் பார்த்தேன். திட்டு பதினோரு எட்டு. அதன் கீழ்முனையில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வருகிறது. கண்ணாடிக் குப்பியில் பிடித்துவந்து மேசையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் அடியில் மண் படிந்தது. வெறும் தண்ணீர் வந்தால் கசிவு என்று விடலாம். இது மண்ணோடு வருகிறது. அப்படியென்றால் உள்ளே அந்த மண் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

ஜூன் 16

குப்பியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். ஊடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் குப்பியைக் கையில்கூட வாங்கவில்லை.

"பொம்மை ஏரிக்குப் பிசின் ஊத்தறவ எனக்கு நிஜ ஏரியைப் பத்திச் சொல்ல வந்துட்டா. மார்ச்சுல நான்தான் கரையைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டேன். குறை ஒண்ணுமில்லன்னு."

"அப்ப இல்லாம இருந்திருக்கலாம். இப்ப ஒருதடவை வந்து பாருங்களேன்."

"நடவு முடிஞ்சிருக்கு. இப்பத் தண்ணியைத் திறந்துவிட்டா வயலுக்கு என்ன பண்றது? விழாவுக்கு வெறும் சேத்தைக் காட்டவா?"

வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுடி. அவருக்குத் தூக்கமே இல்ல. விழா முடியட்டும்."

ஜூன் 20

நகராட்சிக்குத் தொலைபேசி செய்தேன். மிக மரியாதையாகப் பேசினார்கள். "சங்கத் தலைவர் மூலமா எழுதிக் குடுங்கம்மா. அவர் குடுத்த அறிக்கை சரியாத்தான் இருக்கு."

ஜூன் 28

பதினான்கு எட்டு.

ஜூலை 1

நாளைக்குச் சங்கக் கூட்டம். மாதிரியை எல்லோருக்கும் காட்டவேண்டுமாம். காலையில் உட்கார்ந்து ஒரே பச்சையாக இருந்த சரிவைக் கத்தியால் சுரண்டினேன். கோரையைத் திரும்ப நட்டேன், பதினான்கு எட்டுக்கு. அடியில் பழுப்பு கலந்த ரெசினை ஊசியால் இழுத்து ஓடவிட்டேன். அக்கா இனி என்னோடு பேசுவாளா?

ஜூலை 2

துணியை எடுத்ததும் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். யாருமே கரையைப் பார்க்கவில்லை. ஐயோ, அவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது கீழ்வயல் ஹிரோசே அம்மா குனிந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டாள்.

"இது நிஜமாவே இருக்கா? ஏப்ரல்லேந்து என் வரப்பு காயவே இல்ல. நான் எலி வளைன்னு நெனச்சேன்."

அப்புறம் ஒரே சத்தம். யாரோ "தலைவரே, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்கள். அத்தான் எழுந்து, "சின்ன ஒழுகல். எல்லா மண்கரையும் ஒழுகும்" என்றார். குரல் வறண்டிருந்தது.

கைதூக்கிப் பார்த்தார்கள். பதினான்கு பேர் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள், ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். அத்தான் எதற்கும் கை தூக்கவில்லை. விழாவையும் தள்ளிவைத்தார்கள். மாதிரியைத் திரும்ப என் வண்டியில் ஏற்ற ஒருவரும் கை கொடுக்கவில்லை.

ஜூலை 8

ஆறு நாளாக மதகு திறந்திருக்கிறது. ஆறு நாளாக மழையும் இல்லை. கடையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நெல்லு காஞ்சா அந்தம்மா வந்து பிசின் ஊத்துவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

ஜூலை 12

மழை.

ஜூலை 14

மூன்றாவது நாளாக நிற்கவில்லை. குறைத்த மட்டத்தில் பாதி திரும்ப ஏறிவிட்டது. காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு குஸாகா தம்பதியை ஹிரோசே அம்மா தன் வண்டியில் கூட்டிவந்தாள். கிழவருக்கு வர மனமே இல்லை.

பத்தேகாலுக்கு ஒரு சத்தம். இடி இல்லை. கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல, நீளமாக. கூடத்தில் எல்லோரும் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அத்தான் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

ஜூலை 16

குழாய் இருந்த இடத்தில் கரை இல்லை. ஏரியில் தண்ணீரும் இல்லை. குஸாகா வீடு இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும். அக்கா வீட்டில் கீழ்த்தளம் உத்தரம்வரை சேறு, மாடி அப்படியே நிற்கிறது. ஆள் சேதம் இல்லை. இதை மட்டும் மூன்று தடவை எழுதலாம். ஆள் சேதம் இல்லை.

ஜூலை 21

நானும் அக்காவும் சேறு அள்ளினோம். அத்தான் இரண்டு நாளாக விசாரணைக்குப் போய் வருகிறார். மதியம்வரை முன்கூடத்தை வழித்தோம். படுக்கையறையாக இருந்த இடத்துக்கு வந்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"அவர் கரையைச் சோதிச்ச அந்த மார்ச்சுலதான் இங்கேந்து மாடிக்கு மாறினோம். அவரேதான் பாய் மெத்தையெல்லாம் தூக்கினார். அரிசி மூட்டை, சாமி மாடம், அம்மா படம், எல்லாத்தையும். கீழ ஒரே ஈரம், உனக்கு முட்டி வலிக்கும்னு சொன்னார்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"எவ்வளவு அக்கறைன்னு எதிர்வீட்டு குஸாகா அம்மாகிட்டப் பெருமையா சொன்னேண்டி. அவங்க வீட்டுக்கு மாடியே கிடையாது."

அதற்குப் பிறகும் மாலைவரை அள்ளினோம்.

ஜூலை 22

ஒரு பையோடு அக்கா வந்தாள். வேலை அறையில் மாதிரியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளுக்குப் படுக்கை விரித்தேன். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.