இடது விலாவில் அப்பா

மார்ச் 4

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நேற்றுதான் டிவியில் பார்த்தேனே, மேடையில் சட்டையில்லாமல் நின்றதை.

சலவைக் கடையில் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உன் சண்டையைப் பார்த்தோம். கேமரா கிட்டே வந்தது. உன் இடது விலாவில் பச்சை குத்திய அப்பா! அதே மீசை, அதே முறைப்பு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முதலாளியம்மா என் தோளைத் தட்டி, "அப்பா மேல எவ்வளவு பாசம் பாரேன் உன் தம்பிக்கு!" என்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

தோளில் புலி போட்டாய், முதுகில் பாம்பு போட்டாய், குத்துச்சண்டைக்காரன் லட்சணம் என்று விட்டுவிட்டேன். இது என்ன கண்றாவி? அம்மாவின் தாடை கோணியது யாரால்? நீ கட்டிலுக்கடியில் என் பாவாடையைக் கடித்துக்கொண்டு ஒளிந்திருந்தாயே, யாருக்குப் பயந்து? சீ! அந்த மூஞ்சியைத் தேடிப்போய் உடம்பில் ஒட்டி வைத்திருக்கிறாய்.

அதை அழிக்கிற வரை என் வாசற்படி மிதிக்காதே.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. நீ திட்டினால்தான் வீட்டுக் கடிதம் மாதிரி இருக்கிறது.

எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம். முதல் வெற்றிக்குப் புலி. முதல் தோல்விக்குப் பாம்பு. தோல்வியைப் பாம்புச் சட்டை மாதிரி உரித்துப் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். பிடித்தவர்கள் முகம் நெஞ்சில். அங்கே அம்மா இருக்கிறாள், டிவியில் என் கை மறைத்திருக்கும். விலாவில் மட்டும் யாரும் யாரையும் போட மாட்டார்கள். அதிகம் அடி விழுகிற இடம் அது. பச்சை குத்துகிறவரே, "வேணாம்ப்பா, பெத்தவரு மூஞ்சியில அடி விழும்" என்றார். "அதுக்குத்தான் அண்ணே" என்றேன்.

இப்போது புரிகிறதா? நீ பார்த்த சண்டையில் இடது கையை வேண்டுமென்றே இறக்கிக் கொடுத்தேன். அப்பா நன்றாக வாங்கினார். எனக்கு ஒரு விலா எலும்பு விரிசல். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்கிறார், எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மே மாதம் அடுத்த சண்டை. அவசியம் பார்.

உன் தம்பி

மார்ச் 22

அடேய் தம்பி,

உன் கடிதத்தைப் படித்தேன். முன்பு அப்பாவைப் பார்த்துத்தான் குமட்டியது. இப்போது உன்னை நினைத்தும் குமட்டுகிறது.

அவர் எங்கேடா வாங்கினார்? மெத்தையில் படுத்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை எச்சில் துடைத்ததும் மலம் அள்ளியதும் நான். அந்த உடம்பில் ஒரு கீறல் கிடையாது. விரிசல் விட்டது உன் எலும்பு. செத்த பிறகும் உன்னைத்தான் அடிக்கிறார், நீ விலாவைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறாய். சீ, என்ன பிழைப்புடா இது!

அழிக்க வேண்டாம். வாசற்படிப் பேச்சையும் விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று செய். மணி அடித்ததும் இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். அவர் மூஞ்சியில் ஒரு அடிகூட விழக்கூடாது. அந்த ஆளைக் காப்பாற்று என்று எழுத எனக்கும் வயிறு எரிகிறது. காப்பாற்றித் தொலை.

மே மாதம் டிவி முன்னால் நிற்பேன். உன் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா