சுருக்கினால் அணையும் விளக்கு

நவம்பர் 11, திங்கள்
மன்னிக்கவும், டைரி. எழுதி வைக்கும் அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. கோத்தகிரி சர்வே அலுவலகத்தில் படங்களைச் சுருக்கி அறிக்கையில் சேர்ப்பது என் வேலை. இப்போது கட்டபெட்டுக்கு மேலே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய எஸ்டேட் லைன் வீடுகள். எட்டு வீடு, எட்டுப் பூட்டு. மண் சரிந்தபின் எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த திங்கள் இடிக்கிறார்கள். “ஆளில்லை” என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். அம்மா தேயிலைக் காடு முழுக்கச் சொல்லிவிட்டாள்: “எம்புள்ள கையெழுத்து போடற வேலைங்க.”

நவம்பர் 12
சுருக்கிய படங்கள் கறுத்துப்போகின்றன. படம் சுருக்கும் இலவச மென்பொருளை உருவாக்குபவர்களின் குழுவில் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: திரைக்காக வளைத்த புள்ளி எண்களைச் சராசரி எடுக்க வேண்டாம், முதலில் லீனியருக்கு, அதாவது உண்மையான ஒளி அளவுக்கு, மாற்றுங்கள், அப்போதுதான் வெளிச்சம் வெளிச்சமாகவே கூடும், சின்னப் புள்ளிகள் சாகாது.

நேற்றைய படத்தை அப்படிச் சுருக்கினேன். மூன்றாம் வீட்டு ஜன்னலில் மஞ்சளாக ஒன்று. பழைய முறையில் சுருக்கினால் இல்லை. மூலப் படத்தைப் பெரிதாக்கினேன். இருக்கிறது — நான்கே புள்ளி.

நவம்பர் 13
மூடுபனி. படம் இல்லை. படம் எடுக்கும் சில்வஸ்டர் அண்ணனிடம் சொன்னேன். “பூட்டுன ஊட்ல பேயி குடி வந்துருச்சா சசி? அட்வான்ஸ் வாங்கினியா?” சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைத்தார். மூன்று தரம் துடைத்தார்.

நவம்பர் 14
மாலைப் படம். மூன்றாம் வீடு இருட்டு. நான்காவதில் வெளிச்சம். நடுவில் சுவர். வெளியே பூட்டு.

நவம்பர் 15
ஐந்தாவது.

நவம்பர் 16, சனி
மேலாளர் ரவிச்சந்திரன் சாரிடம் காட்டினேன். “கம்ப்யூட்டர் கோளாறும்மா. பழைய மாதிரியே சுருக்கு, தெரியாதில்ல?” தெரியாது. அதானே பயமே! சரி சார்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஏன் நான் இப்படி இருக்கேன்?

வீட்டில் கூரை ஒழுகியது. அம்மா பாயை அடுத்த மூலைக்கு இழுத்தாள். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒழுகினால் இடம் மாறுவது மனிதர்தானே? பேய்க்கு எதுக்கு? பூட்டெல்லாம் முன்கதவில்தான்; அந்த வரிசையின் பின்பக்கத்தை யாரும் படம் எடுக்கவே இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு
நேற்றைய படத்தில் ஆறாவது.

நான்கு படங்களையும் லீனியரில் சுருக்கி சாருக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. சார் போனில் கத்தினார்: “காலைல ஏழுக்கு இடிக்கற வண்டி வந்துரும். என்னதாம்மா வேணும் உனக்கு?”

சொன்னேன்.

“ஆறு மணிக்கே என்னைக் கூட்டிட்டுப் போங்க சார். எட்டுக் கதவையும் நான் தட்டணும்.”